பௌர்ணமிதோறும் ஊரைவிட்டு ஓடியவர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இவ்வுலகில் பயணம் செய்தவர்கள் பலர் உண்டு. ஆயினும் பயணம் என்னும் நல்ல காரியத்தை என் பக்கத்து வீட்டுக்காரர் டீக்காசைப் போல் இவ்வளவு அற்பமாகவும், இவ்வளவு பிடிவாதமாகவும், இவ்வளவு அபத்தமாகவும் செய்தவர் வேறொருவர் இலர் என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். பௌர்ணமியன்று உலகமே திருவண்ணாமலைக்கு வருகிறது. சென்னையிலிருந்து வருகிறார்கள், ஆந்திரத்திலிருந்து வருகிறார்கள், விமானம் ஏறியும் வருகிறார்கள். அந்த ஒரு நாளில், மலையின் காலடியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மனிதர் மட்டும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு ஊரைவிட்டு வெளியே ஓடினார். இத்தகையவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று ஊர் அதிகம் யோசிக்கவில்லை. அது பின்னால் வருகிறது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. என் வாசலில் சிறு கடை ஒன்று வைத்திருக்கிறேன்: கற்பூரம், தண்ணீர் பாட்டில், முறுக்கு, கால்வலித் தைலம். பௌர்ணமி ஒரு நாள் வியாபாரத்தில்தான் மற்ற நாட்கள் நகர்கின்றன. எங்கள் பாதையில் அன்று சும்மா இருக்கும் வாசல் ஒன்றும் கிடையாது. ஒருவர் மோர் விற்பார், ஒருவர் செருப்புப் பாதுகாப்பார், ஒன்றும் இல்லாதவர் தம் வீட்டுக் குளியலறையையாவது திறந்து விடுவார். டீக்காசின் வாசலோ எல்லா வாசல்களிலும் அகலமானது. அவ்வளவு பெரிய வாசலைப் பூட்டிவிட்டு ஒருவர் பஸ் ஏறப் போகிறார் என்றால், அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்து வீட்டில் வாழ்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

அவர் வேலை பார்த்தது செங்கம் சாலையில் ஓர் இரும்பு, சிமெண்டுக் கடையில். கம்பி எடை போடுவது அவர் பொறுப்பு. ஞாயிறு, பண்டிகை என்று எந்த விடுப்பும் தராத கடை அது. ஆனால் பௌர்ணமியன்று லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். லாரி வராத இரும்புக் கடையில் முதலாளிக்கே வேலை இல்லை. ஆகவே அன்று கடைக்குப் பூட்டு. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் மூச்சுவிட நேரமில்லாத நாள் எதுவோ, அது ஒன்றே இவருக்கு விடுமுறை. இந்த விபத்தை அவர் தம் புத்திசாலித்தனம் என்று எண்ணிக்கொண்டார்.

"யோசிச்சிப் பாருங்கண்ணா," என்பார் என்னிடம். "ஊருக்குள்ள ஆளை எறக்கிவிட்ட பஸ்ஸு, மறுபடி ஆளை ஏத்தியார வெறும் வண்டியாதான் போவுது. அதுல நான் ஒருத்தன்தான். மூணு சீட்டுல காலை நீட்டிப் படுத்துனு போறேன். மறுநாள் விடியக்காலம் கும்பல் எல்லாம் வெளிய போவும்போது நான் உள்ள வரேன். அப்பவும் காலி. எந்த ராஜாவுக்குக் கெடைக்கும் இது?"

"ராஜா எதற்கப்பா பஸ்ஸில் படுக்கிறார்?" என்று நான் கேட்டதுண்டு.  அவர் அது காதில் விழாதவர் போலவே பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இனிப் பெயர். இந்தப் பயணங்களுக்கு அவர் பணம் சேர்த்த முறையை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. யாரேனும் டீ வாங்கித் தருவதாகச் சொன்னால், அவர் இரு கைகளையும் கூப்பி, மிகவும் மரியாதையாக, "டீ எனக்கு ஒத்துக்காதுங்க. அந்தக் காசைக் குடுத்துட்டா போதும்," என்பார். முதல்முறை கேட்பவர்கள் சிரித்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் முறை சிரிக்காமல் கொடுப்பார்கள். மூன்றாம் முறை அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். கம்பி வாங்க வரும் மேஸ்திரிகள், லாரி ஓட்டுநர்கள், முதலாளியின் சம்பந்தி என்று ஒருவரையும் அவர் விட்டு வைக்கவில்லை. எங்கள் பாதையில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருமுறை வயிறெரிந்து சொன்னார்:

"என் கடையில இந்தாளு குடிக்காத டீயிலயே ஏலகிரி போயிட்டு வந்துட்டாருங்க. குடிச்சவன் எல்லாம் இங்கயே பெஞ்சியில குந்திருக்கிறான்."

இதற்கெல்லாம் மேலான ஒன்று உண்டு. மேலத்தெருவில் ஒரு பெரியவர் காலமானார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டு வந்தார்கள். டீக்காசு தம்ளரைத் தொடவில்லை. இறந்தவரின் மைத்துனரை ஓரமாக அழைத்தார். முகத்தைத் துக்கமாகவே வைத்துக்கொண்டு அந்த டீயின் காசைக் கேட்டுவிட்டார். அந்த மைத்துனரும் அழுதபடியே சட்டைப் பையில் கையை விட்டார். அன்று மாலைக்குள் டீக்காசு என்ற பெயர் நிலைத்து, அவருடைய இயற்பெயரை ஊர் மறந்தது. வாக்காளர் பட்டியலில் மட்டும் அது இன்னும் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இப்படிச் சேர்த்துப் போய், அவர் எதைத்தான் கண்டு வந்தார் என்று தாங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"ஒகேனக்கல் எப்படி இருந்தது?"

"பஸ்ஸு ஒடனே கெடச்சிதுண்ணா."

"அருவியைக் கேட்கிறேனப்பா."

"சத்தம் கேட்டுது. ரிட்டர்ன் வண்டி ரெடியா நின்னுச்சு, ஏறிட்டேன்."

மேட்டூர் அணையைப் பற்றிக் கேட்டபோது, பஸ் நிலையத்தில் பெஞ்சுகள் அகலம் என்றார். ஏலகிரியைப் பற்றிக் கேட்டபோது, வளைவுகளில் தூக்கம் கெட்டது என்றார். எந்த ஊரில் இறங்கினாலும் அவர் முதலில் தேடுவது, அங்கிருந்து திரும்பும் பஸ் எது என்பதைத்தான். அது கிடைத்துவிட்டால் ஊரைப் பார்த்தாயிற்று என்று பொருள். இரவில் பஸ் நிலையத்திலேயே பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டு, விடியற்காலையில் புறப்பட்டு, குளித்தும் குளிக்காமலும் நேரே கடைக்குப் போய் எடை போட நின்றுவிடுவார். பூகோளத்தை இப்படி அவமதித்தவரை நான் கண்டதில்லை.

இவ்வளவும் அவர் தமக்காகச் செய்ததாகச் சொல்லியிருந்தால், பைத்தியம் என்று விட்டிருப்பேன். அவர் தம் மனைவிக்காகச் செய்வதாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பச்சையம்மாவுக்குக் கடல் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் கேட்டாராம். வேறு நகையோ புடவையோ அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பாண்டிக்கடல் இங்கிருந்து ஒன்றும் எட்டாத தூரமில்லை. கீழ்பென்னாத்தூர், செஞ்சி வழியாகப் பஸ் போகிறது. ஆனால் பச்சையம்மாவிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. விடியற்காலையிலும் மாலையிலும் அதைக் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றுவதில்தான் அந்தக் குடும்பத்தின் சாப்பாடு. செவலையோ பச்சையம்மாவின் கை தவிர வேறு கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். பிறகு எட்டி உதைக்கும். கன்றையும் விற்றாகிவிட்டது. ஆகவே கடலானது, காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையில் போய்த் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும். மாலையில் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். மடி கெட்டால் வீட்டு அடுப்பும் கெட்டது.

"அதான்ணா ட்ரெயினிங் எடுத்துனு இருக்கிறேன்," என்றார் டீக்காசு. "அவளை இட்டுனு போறதுன்னா சும்மாவா? எந்தப் பஸ்ஸு எப்ப வரும், எவ்ளோ நேரம் நிக்கும், எல்லாம் பழகணும்ல?"

"அப்படியானால் பாண்டிக்குப் போய்ப் பழகு. மேட்டூரில் ஏது கடல்?"

"பாண்டிக்கா?" என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவ பாக்காதத நான் முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்து நின்னா, நல்லாவா இருக்கும்?"

பாண்டிக்கு வழி பழக மேட்டூருக்குப் போன ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். கடலுக்கு ஆகும் செலவைவிட ஒத்திகைக்கு ஆன செலவு பல மடங்கு. பச்சையம்மாவும் சும்மா இருப்பவர் அல்லர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பௌர்ணமிதோறும் எங்களுக்குக் கேட்கும்:

"யோவ், நீ பாட்டுக்கு ஊர் ஊரா சுத்தினே இரு. நான் செத்தா சாம்பலையாவது கொண்டுபோய் கடல்ல கரைச்சிடு. அப்பவாவது பாக்கறேன்."

"இன்னும் ரெண்டு பௌர்ணமி, பச்ச. டைமிங் செட்டாயிடும்."

இந்த இரண்டு பௌர்ணமி ஆண்டுக்கணக்கில் நீண்டது. தீவனம் விலை ஏறிய மாதங்களில் அவர் சேர்த்து வைக்கும் டப்பாவிலிருந்த டீக்காசெல்லாம் செவலையின் வயிற்றுக்குள் போயிற்று. மகளின் கல்லூரிக்கு ஒருமுறை போயிற்று. அவள் படித்து, வேலைக்குப் போய், ஓசூரில் குடித்தனமும் வைத்துவிட்டாள். கடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சென்ற சித்திரை கழிந்து வந்த ஒரு பௌர்ணமிக்கு முதல் நாள், டீக்காசு என் கடைக்கு வந்து நின்றார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"நாளைக்குப் போறோம்ணா. விடியக்காலம் கறந்து ஊத்திட்டு ஒடனே பஸ்ஸு. கடலைப் பாக்கறோம். மத்தியான பஸ்ஸுல ஏறினா, கும்பல் சேரத்துக்கு முன்னாடி ஊருக்குள்ள. சாயங்காலக் கறவைக்கு அவ இங்க இருப்பா."

"அந்தப் பஸ்ஸை விட்டால்?"

"விட்டா அவ்ளோதான். அப்பறம் நிக்கக்கூட எடம் கெடைக்காது, பஸ்ஸையும் ஊருக்கு வெளியவே நிறுத்திடுவான். ஆனா நான் பஸ்ஸை விட்டதா சரித்திரம் இருக்குதாண்ணா?"

இல்லைதான். அருவியை விட்டிருக்கிறார், அணையை விட்டிருக்கிறார், பஸ்ஸை விட்டதில்லை.

பச்சையம்மா மட்டும் நம்பிக்கை இல்லாமல் நின்றார். தம்முடைய பழைய புடவை ஒன்றைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு என் மனைவியிடம் சொன்னார்: "அக்கா, ஒருவேளை லேட்டாச்சின்னா, அண்ணனை இதைப் போத்திக்கினு கறக்கச் சொல்லுங்க. வாசனைக்கு ஏமாந்துடும்."

கறக்கும் கை மாறும்போது மாட்டை இப்படிப் பழைய புடவையால் ஏமாற்றுவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் நான்கு பேர் மதிக்கும் வயதில் நான் புடவை உடுத்துவதா? "அதெல்லாம் நடக்காது," என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மாலை வந்தது. டீக்காசு வரவில்லை.

வெயில் இறங்கியது. பாதையில் கூட்டம் ஆறுபோல் பெருகியது. செவலை கத்தத் தொடங்கியது. முதலில் அழைப்பது போல் கத்தியது. பிறகு திட்டுவது போல் கத்தியது. பிறகு யாரோ இறந்துவிட்டது போல் கத்தியது. மடி புடைத்து, காம்புகளில் பால் தானாகவே சொட்டிற்று. கொட்டகையில் கால் மாற்றி மாற்றி அது தவித்த தவிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் தைலம் விற்க முடியவில்லை.

என் மனைவி கல்லாவிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னாள்: "வாயில்லா ஜீவன். போய்க் கறந்தா இன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

போனேன். டீக்காசின் ஏழு தலைமுறையையும் மனத்துக்குள் திட்டிக்கொண்டே அந்தப் புடவையைத் தலையோடு போர்த்துக்கொண்டேன். கறவைச் சொம்பை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். செவலை திரும்பிப் புடவையை முகர்ந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. இவ்வளவு வெளிப்படையான இகழ்ச்சியை நான் மனிதர் முகத்தில்கூடக் கண்டதில்லை. அடுத்த கணம் சொம்பு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருந்தோம். இரண்டாம் உதைக்குக் காத்திராமல் சொம்பைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து, புடவை பறக்க, தாடி கலைய, பாதையோரம் வந்து விழாத குறையாக நின்றேன்.

ஐயா, திருவண்ணாமலையில், பௌர்ணமி மாலையில், கிரிவலப் பாதையில், ஒரு கிழவர் புடவை போர்த்திக்கொண்டு மூச்சிரைக்க நின்றால் என்ன ஆகும் என்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு குடும்பம் நின்றது. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சித்தருங்க," என்று மெல்லிய குரல் கேட்டது. அதற்குள் பின்னால் வந்தவர்களும் நின்றுவிட்டார்கள்.

"சாமி, பையனுக்கு வேலை அமையணும். ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சாமி இல்லை! போங்கள்! வீட்டுக்குப் போங்கள்!" என்று கத்தினேன்.

"உத்தரவு கெடச்சிடுச்சு!" என்றார் அவர் கணவர், கண் கலங்கி. "வீட்டுக்குப் போன்னா, வேலை வீடு தேடி வருதுன்னு அர்த்தம்."

நான் திட்டத் திட்ட அருள் பெருகிக்கொண்டே போயிற்று. ஒருவர் என் சொம்பில் வாழைப்பழம் வைத்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மண்டியிட்டுப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்று எந்த நாட்டில் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறதோ, நான் அறியேன். என் மனைவி உதவிக்கு வருவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என்னைத் தரிசிக்க நின்றவர்களுக்குக் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்தாள்.

நிலவு மலைக்கு மேலே ஏறி நன்றாக வெளுத்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கிரிவலக் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தார்கள்! பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நிறுத்திவிட்டார்களாம். வடக்குப் பக்கமாக வந்தால் வீடு கிட்டம். ஆனால் சாமி மலையை எதிர்த்திசையில் சுற்றி வரமாட்டேன் என்று பச்சையம்மா நின்றுவிட்டாராம். ஆகவே பௌர்ணமிக் கிரிவலத்தை ஆயுள் முழுவதும் ஏய்த்து வந்த டீக்காசு, கோபுரவாசல் வழியாக, தெற்கு வழியாக, லட்சம் பேரோடு லட்சம் பேராக, மனைவியின் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, நொண்டியபடி வந்து சேர்ந்தார். அந்தக் காட்சிக்காக நான் இன்னும் இரண்டு உதை வாங்கியிருக்கலாம்.

பச்சையம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே கொட்டகைக்குள் போனார். புடவைக் கரையில் மணல் ஒட்டியிருந்தது. "வந்துட்டேன்டி, வந்துட்டேன். கத்தாத," என்று கழுத்தைத் தடவிவிட்டு உட்கார்ந்தார். சொம்பில் பால் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. டீக்காசைப் பிடித்துக்கொண்டேன். "இதுதான் உன் திட்டமா? இதற்குத்தானா இத்தனை வருஷம் ஊர் ஊராகப் போய்ப் படுத்து எழுந்தாய்?"

"பஸ்ஸு லேட்டுண்ணா," என்றார் அவர், தரையைப் பார்த்து.

"பொய் சொல்லாதய்யா," என்று கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது. கறக்கும் கை நிற்கவில்லை. "பஸ்ஸு கரெக்டாதான் வந்துச்சு. நான்தான் எந்திரிக்கலண்ணா. குந்தினேன், அப்படியே பாத்துனே இருந்துட்டேன். அது ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணா, வந்துனே இருக்குது, வந்துனே இருக்குது. இந்தாளு கத்துவாருன்னு நெனச்சினுதான் குந்தியிருந்தேன். கூப்புடவே இல்ல. அப்பறம் திரும்பிப் பாத்தா, பையை மடியில வச்சினு பின்னாடி குந்தினு இருக்காரு. பஸ்ஸு டைம் தாண்டி ரொம்ப நேரம் ஆயிருச்சு. 'யோவ், பஸ்ஸு?'ன்னேன். 'அது போயிருச்சு, நீ பாரு'ன்னாரு."

டீக்காசு எனக்குக் காணிக்கையாக வந்த வாழைப்பழத்தை உரித்துச் செவலைக்குக் கொடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

"கடல் எப்படியப்பா இருந்தது?" என்று நானும் விடாமல் கேட்டேன்.

"நான் எங்கண்ணா பாத்தேன்," என்றார். "இவ பாத்துனு இருந்தா."

தலையிலிருந்த புடவையை எடுத்துக் கொட்டகை ஆணியில் மறுபடி மாட்டினேன். 

இப்போதும் அவரைப் பற்றிய என் கருத்தில் பெரிய மாற்றமில்லை. அவர் கஞ்சர்தான், அபத்தமானவர்தான், ஊர் பார்க்கத் தெரியாதவர்தான். ஆயினும் பச்சையம்மா மறுபடி ஒருமுறை போக வேண்டும் என்கிறார். இம்முறை கடலின் மேல் பொழுது விடிவதையும் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஓர் இரவு தங்கியாக வேண்டும். ஆகவே நான் தினமும் மாலையில், ஒருவரிடமும் சொல்லாமல், கைப்பிடி அகத்திக்கீரையோடு செவலையின் கொட்டகைக்குப் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருகிறேன். நேற்று அது மடியைத் தொட விட்டது.

இந்த விவரத்தைப் படித்தபின் எறிந்துவிடாமல் தங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.